ஏழு புள்ளி அம்மை

மேலவீட்டு ஆவுடையப்ப பிள்ளை தமது எண்பத்தோரு வயதில் யாரிடமும் எதையும் நிரூபித்தவர் இல்லை. அவர் சொன்னால் அதுவே நிரூபணம். அப்படிப்பட்டவர் ஒரு வியாழக்கிழமை காலை குடும்பத்தின் வம்ச ஏட்டைப் பட்டுத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டுநர் இல்லாத ஆட்டோவில் ஏறிப் பாளையங்கோட்டைக்குப் புறப்பட்டார் என்றால் அதற்குக் காரணம் மோர்.

விஷயம் இதுதான். வேங்கைநல்லூரில் அரசாங்கம் ஒரு நர்சிங் கல்லூரி கட்டி முடித்திருந்தது. அதற்கு உள்ளூர்ப் பெண்மணி ஒருத்தியின் பெயரை வைப்பதாக முடிவாகி, இரண்டு பெயர்கள் கமிட்டிக்குப் போயிருந்தன. ஒன்று, மேலவீட்டார் கும்பிடும் பிரமநாயகி அம்மை. மற்றொன்று, கீழவீட்டுச் சொர்ணத்தம்மாள். சொர்ணத்தம்மாள் செய்த சாதனை, 1859-ம் வருஷத்துக் கோடையில் குதிரையிலிருந்து மயங்கி விழுந்த ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு ஒரு செம்பு மோர் கொடுத்தது. அவ்வளவுதான். துரை பிழைத்தாரா என்பதுகூடத் தெரியாது. அதற்கே கீழவீட்டார் தங்கள் ஏட்டை ஆவண வாசிப்பு நிலையத்தில் காட்டி, மோர் உண்மைதான் என்று சான்றிதழ் வாங்கிவிட்டார்கள்.

பிரமநாயகி அம்மை மோர் கொடுக்கிற ரகம் இல்லை. பத்து வயதில் தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்தவள். 1866-ல், இருபத்திரண்டாவது வயதில், ஒரு வெள்ளிக்கிழமை பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அண்ணன் அருணாசலம் பிள்ளை கதவைத் திறந்தபோது உள்ளே விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. சோதியில் கலந்துவிட்டாள். அந்தப் பூஜை அறைக்குத் தோட்டத்துப் பக்கம் இன்னொரு கதவு உண்டு என்பதைப் பற்றி நூற்றெண்பது வருஷமாகக் குடும்பத்தில் யாரும் பேசியதில்லை.

அன்றிலிருந்து அவள்தான் மேலவீட்டுக்குக் காவல். அம்மை, காலரா, பிற்காலத்தில் வந்த பெயர் வாயில் நுழையாத காய்ச்சல்கள் எல்லாவற்றிலிருந்தும் அவள் காப்பாள் என்பதால், மேலவீட்டார் தடுப்பூசி போட்டுக்கொள்வதில்லை. சிலரை அவள் காக்கவில்லை. அவர்களுக்குப் பக்தி போதவில்லை என்று குடும்பம் முடிவு செய்தது.

வம்ச ஏட்டுக்கு ஒரு முறை உண்டு. தகப்பனார் இறந்த பதினாறு நாளுக்குள் மூத்த மகன் ஏட்டைப் புதிய தாளில் நகல் எடுக்க வேண்டும். கட்டைப் பேனா, மைக்கூடு. வரி பிசகக் கூடாது, இடம் பிசகக் கூடாது. முன்னோர் கை நடுங்கிய இடத்தில் இவன் எழுத்தும் நடுங்க வேண்டும். முன்னோர் மை சிந்திய இடத்தில் அதே அளவுக்கு இவனும் மை சிந்த வேண்டும். இது பிழை, இது கறை என்று ஒதுக்க மகனுக்கு அதிகாரம் கிடையாது. கடைசியில் ‘கண்டது கண்டபடி எழுதினேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பழைய ஏட்டைத் தாமிரபரணியில் விட்டுவிட வேண்டும். இப்படி ஐந்து கைகள் மாறி வந்த ஏடு அது. பிரமநாயகியின் பெயருக்கு மேலே ஏழு மைப்புள்ளிகள் இருக்கும். ஏழு கன்னிமார் வந்து அவளை அழைத்துப்போன அடையாளம் அது. மாசிக் கொடைத் திருவிழாவன்று பெண்கள் அந்த ஏழு புள்ளிகளையும் கோலமாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைப்பார்கள்.

ஐந்தாவது கை ஆவுடையப்ப பிள்ளையுடையது. முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன் தகப்பனார் காலமானபோது அவர் நகல் எடுத்தார். அப்போது ஒரு காரியம் செய்தார்.

அவருக்குச் செண்பகவல்லி என்று ஒரு அக்காள் உண்டு. இருபத்திரண்டு வயதில் டைப்ரைட்டிங் வாத்தியார் எட்வினோடு நாகர்கோவிலுக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டவள். தகப்பனார் அன்றோடு அவளைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். ஊரும் அவர் அவளைத் தலைமுழுகிவிட்டார் என்றே நினைத்தது. ஆனால் ஏட்டைத் திறந்தபோது அவள் பெயர் அடிக்கப்படாமல் இருந்தது. அதற்குக் கீழே தகப்பனார் சில வரிகள் வேறு எழுதியிருந்தார். ஆவுடையப்ப பிள்ளை அந்தப் பெயரையும் வரிகளையும் விட்டுவிட்டு மற்றதை எழுதினார். கையெழுத்துப் போட்டார். பழையதை ஆற்றில் விட்டார். பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்த செண்பகவல்லி தெருவில் நின்றபடி, “அப்பா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களாடா?” என்று கேட்டாள். “ஒண்ணும் சொல்லல” என்றார். அது பொய்யில்லை. சொல்லவில்லை, எழுதியிருந்தார்.

இந்த ஒரு காரியம் வெளியே வந்தால் கல்லூரிக்குப் பெயரும் போகும், அவர் கையெழுத்துக்கு மதிப்பும் போகும். ஆனாலும் ஏட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் கணக்கு எளிமையானது. எழுதினதைத்தான் இயந்திரம் படிக்கும். எழுதாததை எந்த இயந்திரம் படிக்கும்?

துணைக்கு வந்தவர் மைத்துனர் தளவாய். காலமான மனைவியின் தம்பி, எழுபத்து நான்கு வயது, மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

“எப்பா, மேடு பள்ளம் பாத்துப் போப்பா,” என்றார் தளவாய், காலியாக இருந்த முன்சீட்டைப் பார்த்து.

“அங்கன யாரு இருக்கான்னு பேசுத?”

“இல்லாத ஆளுகிட்ட பேசுனா என்ன அத்தான்? உங்க வீட்ல நூத்தெண்பது வருஷமா அதைத்தானே செய்யுதீங்க?”

“சும்மா கெடல.”

தளவாய் சும்மா கிடந்தார், ஒரு பர்லாங் தூரத்துக்கு.

வாசிப்பு நிலையத்தில் அவர்களை வரவேற்ற பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பெயர் ஜெசிந்தா. மேஜைமேல் இருந்த இட்லி டப்பாவை அவசரமாக மூடி, கையைத் துடைத்துக்கொண்டு, “வாங்க ஐயா, நான்தான் வாசிப்பாளர்,” என்றாள். இயந்திரம் என்று அவள் காட்டியது, தோசைக்கல்லைக் கவிழ்த்து ஒரு காலில் நிறுத்தியது போல இருந்தது. ஆவுடையப்ப பிள்ளைக்குக் கொஞ்சம் ஏமாற்றம். தம் குடும்பத்தைப் படிக்கப்போகிற சாதனம் இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்திருக்கலாம்.

“அம்மையோட பக்கம் ஒண்ணுதான் வேணும்,” என்றார். “பன்னிரண்டாவது தாள். அதை மட்டும் பாத்து, அவள் இருந்தாள், சோதியில் கலந்தாள்னு எழுதிக் கொடும்மா. நாலு மணிக்குக் கமிட்டி கூடுது.”

“முழுசையும்தான் ஐயா வாசிக்கணும். நகல் எடுத்தது யாரு?”

“நான்தான்.”

“அப்போ உங்க கை எப்படின்னு மெஷினுக்குத் தெரியணும். கடைசித் தாள்ல உங்க தலைமுறையைப் பத்தி எழுதியிருப்பீங்கல்லா, அதையும் கண்டிப்பா பாக்கணும். எழுத்தைப் படிக்க மெஷின் எதுக்கு? எழுத்தை நானே படிச்சிருவேன். இது படிக்கது தயக்கத்தை.”

“எதை?”

“தயக்கத்தை ஐயா. நகல் எடுக்கவர் கண்ணு ஒண்ணைப் பாக்குது, கை அதை எழுதாம விடுது. அப்போ கை ஒரு நொடி திக்கும். பேனா முள்ளு தாள்லயே நின்னுரும், அழுத்தம் மாறும். பாத்த எழுத்தோட முதல் சுழியைக் கை தன்னை அறியாமத் தொடங்கிட்டு, வேற எழுத்தா மாத்திக்கும். கண்ணால பாத்தா ஒண்ணும் தெரியாது. மெஷின் அதை வச்சு, அவரு பாத்துட்டு எழுதாம விட்டது என்னன்னு சொல்லும்.”

ஆவுடையப்ப பிள்ளையின் கை பட்டுத் துணி முடிச்சின்மேல் அப்படியே நின்றது. அதைப் படிக்க இயந்திரம் தேவைப்பட்டிருக்காது.

“எழுதாததைப் படிக்குமா?”

“எழுதாததைத்தான் ஐயா படிக்கும்.”

“திக்கவே இல்லைன்னா?” என்றார் தளவாய்.

“திக்கலைன்னா எதையும் விடலைன்னு அர்த்தம். எப்பேர்ப்பட்ட கையா இருந்தாலும் திக்கும் சார். மனுஷன்தானே.”

பேசாமல் எழுந்து வந்திருக்கலாம். தலைவலி என்றிருக்கலாம், ராகுகாலம் என்றிருக்கலாம். ஆனால் மேலவீட்டு ஆவுடையப்ப பிள்ளை ஏட்டைப் பாதியில் வாங்கிக்கொண்டு போனார் என்று மாலைக்குள் கீழவீட்டுக்குத் தெரிந்துவிடும். அந்த மோர் ஜெயித்துவிடும். அவர் முடிச்சை அவிழ்த்தார். கை கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டது.

ஜெசிந்தா முதல் சில தாள்களை அந்தத் தோசைக்கல்லின் கீழே வைத்து எடுத்தாள். திரையில் வரிகள் ஐந்து நிறங்களில் பிரிந்தன. அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஐயா, இது என்ன அதிசயம்! சாதாரணமா நகல் எடுத்தா முந்தின ஆளோட தயக்கம் அதோட அழிஞ்சிரும். கடைசிக் கை மட்டும்தான் கிடைக்கும். உங்க ஏட்டுல அஞ்சு பேரும் அப்படியே உக்காந்திருக்காங்க. ஒருத்தர் கை நடுங்குனதை அடுத்தவரு நடுங்கியே எழுதியிருக்காரு. கறையைக்கூட அளவெடுத்து வரைஞ்சிருக்காங்க!”

“அது எங்க முறை,” என்றார் ஆவுடையப்ப பிள்ளை, முதுகை நிமிர்த்திக்கொண்டு. “எங்க வீட்ல எதையும் மாத்த மாட்டோம்.”

“பொய்யைக்கூட மாத்தாம நகல் எடுத்திருக்கீங்க ஐயா.”

“என்ன பொய்?”

அவள் பன்னிரண்டாவது தாளைத் திரையில் பெரிதாக்கினாள். பிரமநாயகியின் பெயரும், மேலே ஏழு புள்ளிகளும் தெரிந்தன. ஆவுடையப்ப பிள்ளை பழக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“1871-ல அருணாசலம் பிள்ளைன்னு ஒருத்தர் நகல் எடுத்திருக்காரு. அவரோட அப்பா இந்த இடத்துல பத்துப் பன்னிரண்டு வரி எழுதியிருந்திருக்காரு. அதை எல்லாம் விட்டுட்டு ‘சோதியில் கலந்தாள்’னு ஒரே வரி எழுதினது அருணாசலம் பிள்ளை. இந்தப் புள்ளி எல்லாம் அவரு எழுத முடியாம பேனாவை வச்சுக்கிட்டே நின்ன இடம். ஒவ்வொரு தடவையும் மை ஊறியிருக்கு.”

“கன்னிமார்,” என்றார் ஆவுடையப்ப பிள்ளை.

“இல்லைங்க ஐயா. மை.”

தளவாய் சிரிப்பை அடக்க மேல்துண்டை வாயில் வைத்துக்கொண்டார். “நூத்தெண்பது வருஷம் மைக்கறைக்குக் குங்குமம் வச்சிருக்கோம் அத்தான்.”

“விட்ட வரி என்னன்னு வருது. பொறுங்க.” திரையில் சொற்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. எல்லாம் வரவில்லை. பொத்தல் விழுந்த வேட்டி போல இடையிடையே வெளிச்சமாக இருந்தது. ஜெசிந்தா மெதுவாக வாசித்தாள். “‘பிரமநாயகி... பாளையங்கோட்டையில்... எழுத்து வாசித்தாள்... அம்மை குத்துகிற உத்தியோகஸ்தன் முத்தையாவை... சம்மதித்து... தானும் அந்தத் தொழில் கற்று... ஊர் ஊராகப் போய்ப் பெண்டு பிள்ளைகளுக்கு... குத்தினாள்... இரண்டு ஆண், ஒரு பெண்... பங்குனியில் வந்து... வாசலோடு போனாள்.’”



“அம்மை குத்துகிறதுன்னா?” என்றார் தளவாய், தெரிந்துகொண்டே.

“தடுப்பூசி சார். அந்தக் காலத்து அம்மைத் தடுப்பூசி. இவங்க ஊசி போடுற அம்மா.”

தளவாய் மேல்துண்டை வாயிலிருந்து எடுத்துவிட்டார். இனி அதனால் பயனில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “அத்தான், போன வருஷக் காய்ச்சலுக்கு ஊசி போட வந்த நர்ஸை ‘எங்களை அம்மை காப்பாள்’னு சொல்லிக் கொல்லைப்புறமா விரட்டுனீங்களே! அம்மைதானே அந்த நர்ஸு! அவ ஊர்ப்பிள்ளைகளுக்கு எல்லாம் ஊசி குத்தியிருக்கா, அவ வீட்டுப்பிள்ளைக மட்டும் அவ பேரைச் சொல்லிக் குத்தாமச் செத்திருக்கு!”

கடைசி வார்த்தையில் சிரிப்பு தானாக நின்றுவிட்டது. தளவாயின் அக்காள், அதாவது ஆவுடையப்ப பிள்ளையின் மனைவி, எட்டு வருஷத்துக்கு முன் போனதும் அப்படி ஒரு காய்ச்சலில்தான்.

ஆவுடையப்ப பிள்ளை யாரையும் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். குலதெய்வம் தோட்டத்துக் கதவு வழியாகப் போயிருக்கிறாள். ஒரு முத்தையாவோடு. விதவை. மறுமணம். மூன்று பிள்ளை. சோதி இல்லை, ஊசி.

“இது வெளியில வரணுமா?”

“வந்தாத்தான் ஐயா உங்களுக்கு நல்லது,” என்றாள் ஜெசிந்தா. “நர்சிங் கல்லூரிக்கு இதைவிட நல்ல பேரு எங்க கிடைக்கும்? மோர் எல்லாம் இதுக்குக் கிட்ட வர முடியாது.”

அது ஒரு கோணம்தான். ஆவுடையப்ப பிள்ளை அதைக் கொஞ்சம் மென்று பார்த்தார். முழுவதும் இறங்கவில்லை என்றாலும் தொண்டையைத் தாண்டியது. மேலவீட்டுப் பெண் ஊசி போட்டாள் என்றால், அதுவும் ஒரு வகையில் மேலவீடு போட்ட ஊசிதானே.

“ஆனா அருணாசலம் பிள்ளை...” என்றார். கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் அவருடைய மீசையைப் பார்த்தே மூன்று தலைமுறை வளர்ந்திருந்தது. நெஞ்சுரத்துக்குக் குடும்பத்தில் அவர்தான் அளவு. “அவரு ஒரே வார்த்தையில தங்கச்சியை அறுத்துப் போட்டவருன்னு சொல்லுவாங்க.”

“ஒரே வார்த்தையா? ஆறு தடவை நின்னிருக்காரு ஐயா. இந்த மூணாவது புள்ளியைப் பாருங்க, கால் மணி நேரத்துக்குக் குறையாம நின்னிருக்கணும். அப்புறம் இந்த ஏழாவது பேனாப் புள்ளியே இல்ல. ஓரம் வேற மாதிரி இருக்கு. மேல இருந்து விழுந்த சொட்டு. மை கரைஞ்சிருக்கு. அடுத்து வந்தவங்க அதையும் புள்ளின்னு நினைச்சு வரைஞ்சு வச்சிருக்காங்க.”

“வேர்த்திருக்கும்,” என்றார் தளவாய்.

“நகல் எடுத்த தேதி மார்கழி பதினொண்ணுன்னு போட்டிருக்கு சார்.”

தளவாய் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். 

“இனி கடைசித் தாள்,” என்றாள் ஜெசிந்தா. “உங்க தாள்.”

ஆவுடையப்ப பிள்ளை கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மெஷின் என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியும். செண்பகவல்லி என்று வரும். அதன் கீழே அப்பாவின் வரிகள் வரும். இந்தப் பெண் அதையும் வாய்விட்டு வாசிப்பாள். தளவாய் கேட்பான். கீழவீடு கேட்கும். ‘கண்டது கண்டபடி’ என்று எழுதிய கை பொய்க்கை என்று ஊர் முழுக்கத் தெரியும். தோசைக்கல் ஒரு முறை முனகியது. திரையில் பச்சை நிறம் ஓடியது.

ஜெசிந்தாவின் புருவம் உயர்ந்தது.

“ஐயா!” என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“நூத்துக்கு நூறு ஐயா! ஒரு சின்னத் தயக்கம்கூட இல்ல. முதல் எழுத்துலேருந்து கடைசி எழுத்து வரைக்கும் ஒரே ஓட்டம். இந்த நிலையத்துல இவ்வளவு சுத்தமான கையை நான் பாத்ததே இல்ல. எதையும் விடல, எதையும் சேக்கல. கண்டது கண்டபடி!”

“சிங்கம்லா எங்க அத்தான்!” என்றார் தளவாய்.

சான்றிதழ் அச்சாகத் தொடங்கியது. பக்கத்திலிருந்த பெட்டி நாக்கை நீட்டுவது போலத் தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளியது. ஆவுடையப்ப பிள்ளை கண்ணைத் திறந்தார். தப்பித்துவிட்டோம் என்ற நினைப்பு மேலே எழும்பி வந்தது. பாதியில் வேறு ஏதோ ஒன்று அதன் காலைப் பிடித்து இழுத்தது.

“இன்னொரு தடவை பாரும்மா,” என்றார்.

“எதுக்கு ஐயா? எல்லாம் சரியா இருக்கு.”

“பாருன்னு சொல்லுதேன்.”

அவள் மறுபடி வைத்து எடுத்தாள். பச்சைதான்.

“மூணாவது வரிக்கும் நாலாவது வரிக்கும் நடுவில பாரு.”

“ஒண்ணும் இல்லைங்க ஐயா.”

“எப்படி இல்லாமப் போகும்? உன் மெஷின் சரியில்ல. நான் தயங்கினேன்!”

“இல்லைங்களே ஐயா.”

“நான் சொல்லுதேன், தயங்கினேன்! அருணாசலம் பிள்ளை ஆறு தடவை நின்னாருன்னா நான் ஒரு தடவையாவது நின்னிருக்க மாட்டேனா? நான் என்ன கல்லா?” கைத்தடியால் தரையை ஓங்கித் தட்டினார்.

“எதுக்கு அத்தான் தயங்கினீங்க?” என்றார் தளவாய். குரலில் கிண்டல் இல்லை.

 வாயை விட்டாகிவிட்டது. ஆவுடையப்ப பிள்ளை அந்த நாளைத் தேடிப் பார்த்தார். நெஞ்சு அடைத்ததா, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தோமா, ஜன்னல் பக்கம் நின்றோமா என்று ஒவ்வொன்றாகத் துழாவினார். நினைவுக்கு வந்தது வேறு. பதினாறாம் நாள் பந்திக்குச் சொன்ன இலைக்கட்டு வந்துசேரவில்லை. அதைப் பற்றிச் சமையல்காரரிடம் கத்திக்கொண்டே எழுதினார். அப்பாவின் வரிகளைக் கண் பார்த்தது. கை அதைத் தாண்டிப் போனது. இலை வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்றார்கள். அடுத்த வரியை எழுதினார்.

“தயங்கல,” என்றார் சின்னக் குரலில். “மெஷின் சரிதான். நான்தான் தயங்கல.”

பிறகு, நிமிர்ந்து உட்கார்ந்து, நீதிமன்றத்தில் சொல்வது போலச் சொன்னார். “அந்தத் தாளை நிறுத்தும்மா. இந்த நகல் பொய். எங்கப்பா எழுதினதுல ஆறு வரியை நான் விட்டுட்டேன். எனக்கு முன்னால பிறந்தவ செண்பகவல்லி. எங்க அக்கா.”

ஜெசிந்தாவின் விரல் பொத்தானை நோக்கிப் போய் நின்றது. “ஐயா, யோசிச்சுச் சொல்லுங்க. நகல் பொய்னு நீங்களே சொன்னா முழு ஏடும் செல்லாது. அம்மையோட தாளும் சேந்துதான் போகும். நாலு மணிக்கு...”

“தெரியும். மோர் ஜெயிக்கும். ஜெயிச்சுட்டுப் போகட்டும். நிறுத்து.”

பெட்டி நாக்கைப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டது. ஜெசிந்தா திரையையே பார்த்தபடி இருந்தாள். “இதை வச்சு நாப்பதாயிரம் சான்று கொடுத்திருக்கோம் ஐயா,” என்றாள் தனக்குள் சொல்வது போல. “யாரா இருந்தாலும் திக்குவாங்கன்னு நம்பித்தான் இதைக் கட்டியிருக்காங்க.”

“கட்டினவங்க நல்ல மனுஷங்க போல,” என்றார் ஆவுடையப்ப பிள்ளை.

“மாமா என்ன எழுதியிருந்தாக அத்தான்?” என்று கேட்டார் தளவாய்.

முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன் ஒரே ஒரு முறை பார்த்தது. ஆனால் மேலவீட்டு மூத்த மகன்களைப் பழக்கியது அதற்குத்தான். ஒரு முறை பார்த்தால் போதும், புள்ளி விடாமல் மனதில் நிற்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, தகப்பனாரின் குரலில் சொன்னார்.

“‘செண்பகவல்லி. ரக்தாட்சி வருஷம் ஆவணி மாதம் தன் இஷ்டப்படி மணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை எட்வின், தட்டச்சு ஆசிரியர். விசாரித்ததில் யோக்கியன் என்று தெரிகிறது. குரோதன வருஷம் ஐப்பசியில் பெண் குழந்தை, விபவ வருஷம் தையில் ஆண் குழந்தை, இரண்டும் சுகம். அவள் வீட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை உண்டு, அங்கே நான்கு முறை போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தேன், உள்ளே போகத் துணிவு வரவில்லை. பிழை என்னுடையது. இதை என் மகன் நகல் எடுக்கும்போது படிப்பான், அவளிடம் போய்ச் சொல்லுவான்.’”

ஜெசிந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தளவாய் மட்டும் அவரை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையை ஆவுடையப்ப பிள்ளை வாங்கிக்கொண்டார். வேறு வழியில்லை, அது அவருக்குரியது.

“நாகர்கோவில்ல அவ நம்பர் யாருகிட்டயாவது இருக்குமா?” என்று கேட்டார்.

தளவாய் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். யாரையும் கேட்கவில்லை, எதையும் தேடவில்லை. போனிடம், “மதினியைக் கூப்பிடு,” என்றார். அது உடனே கூப்பிட்டது.

“ஏல... எத்தனை வருஷமா?”

“எங்க அக்கா இருந்த காலத்துலேருந்து. அவதான் நம்பர் தந்தா. ரெண்டு பேரும் வாரா வாரம் பேசுவாங்க.”

ஆவுடையப்ப பிள்ளை இதற்குக் கோபப்பட வேண்டும். அதற்குள் எதிர்முனையில் மணி நின்றது. பின்னால் குக்கர் விசில் அடித்தது. ஸ்பீக்கரில் எண்பத்து நான்கு வயதுக் குரல், ஓங்கி, உற்சாகமாகக் கேட்டது.

“என்ன தளவாய்! இன்னைக்கு வியாழன்லா, நீ கூப்பிடுத நாள் இல்லையே? அந்த முசுடு இருக்கானா, போயிட்டானா?”

“இருக்கேன்க்கா,” என்றார் ஆவுடையப்ப பிள்ளை.

குக்கர் இன்னொரு முறை விசில் அடித்தது. அடுப்பை யாரோ அணைக்கிற சத்தம் கேட்டது.

“எதுக்குடா?” என்றாள் செண்பகவல்லி.

“அப்பா உன்னைப் பத்தி எழுதி வச்சிருந்தாங்க. ஆறு வரி. உன்கிட்ட சொல்லச் சொல்லி எழுதியிருந்தாங்க. நான்தான் மறைச்சுட்டேன். இப்போ சொல்லுதேன். ஏசுறதா இருந்தா கேட்டுட்டு ஏசு.”

  எதிர்முனையில் நாற்காலி இழுபடும் சத்தம், ஏதோ இழுப்பறை திறக்கும் சத்தம்.

“இரு. கண்ணாடியை எடுத்துக்கிடுதேன்.”

“கண்ணாடி எதுக்கு? நான்தானே சொல்லப்போறேன்?”

“எழுதிக்கிட வேண்டாமா? நாளைக்கு நீ இல்லைன்னு சொன்னா?” காகிதம் புரளும் சத்தம் கேட்டது. “ம், சொல்லு. மொள்ளமாச் சொல்லுடா. ஒன்னை மாதிரி எனக்கு எழுத்து ஓடாது.”